அனிமனி நடக்கிறது, முருகை சுருங்குகிறது: இரண்டும் ஒரே தொட்டியில் இருந்தால் பழுது பார்க்கும் முறை

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் முருகை (பவள உயிரி, கோரல்) ஒட்டிய இடத்திலேயே இருக்கும். பூப்போலக் கைகளை விரிக்கும் கடலுயிரான அனிமனி அப்படியல்ல, இடம் பிடிக்காவிட்டால் காலைக் கழற்றிக்கொண்டு நடக்கும், போகிற வழியில் தொட்டதையெல்லாம் கைகளிலுள்ள நச்சால் சுடும். இந்தச் சோடியில் வரும் பழுதுகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது. அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் அனிமனியோடு மல்லுக்கட்டாமல், அது இருக்கும் இடத்தையும் தண்ணீரையும் சரி பார்க்க வேண்டும். கீழே அறிகுறி வாரியாகத் தரப்பட்டுள்ளது. ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில்.

எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம்

வெப்பநிலை: 25 முதல் 27 பாகை செல்சியஸ் நல்லது. 28 வரை தாங்கும். 30ஐத் தொட்டால் கீழே உள்ள "தண்ணீர் சூடேறுகிறது" பகுதிக்கு நேரே போங்கள்.

உப்பு: உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றரில் 1.025 முதல் 1.026, அதாவது ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு. கருவியை ஆர்.ஓ. தண்ணீரால் (சவ்வு வடிகட்டியில் உப்பு நீக்கிய நன்னீர்) பூச்சியத்தில் நிறுத்தினால் போதாது. 35க்கான அளவீட்டுத் திரவத்தை வாங்கி அதில் சரிபார்க்க வேண்டும். கொழும்பில் பலரும் ஃபேன் வைத்துத் தொட்டியைக் குளிர்விப்பதால் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மிஞ்சுகிறது. 200 லீற்றர் தொட்டியில் நாளுக்கு 4 லீற்றர் போனால், மூன்று நாள் ஊற்றாமல் விட்டாலே 35 என்பது 37ஐத் தாண்டிவிடும். குறைந்த அளவை ஆர்.ஓ. நன்னீரால் மட்டும் நிரப்புங்கள். உப்புநீரை ஊற்றினால் உப்பு இன்னும் ஏறும்.

ஓட்டம்: எல்லாப் பம்புகளும் சுழல்கின்றனவா? இரவில் கரண்ட் போய் வந்திருந்தால் ஏதாவதொரு வேவ்மேக்கர் (தொட்டிக்குள் ஓட்டம் உண்டாக்கும் பம்பு) மறுபடி தொடங்காமல் நின்றிருக்கலாம். சத்தத்தை நம்பாமல் கையை முன்னால் பிடித்துப் பாருங்கள்.

இந்த மூன்றும் சரியென்றால் மட்டும் கீழே போங்கள்.

அறிகுறி 1: அனிமனி ஓரிடத்தில் நிற்காமல் நடக்கிறது

*தொட்டியில் விட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை.* பழுது இல்லை. அது இடம் தேடுகிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: எல்லாப் பம்பின் வாயையும், ஓவர்ஃப்ளோவின் (தண்ணீர் வழிந்து வெளியேறும் வாயின்) பல்லிடுக்கையும் கரடுமுரடான ஸ்பஞ்சால் மூடிவிடுங்கள். ஸ்பஞ்ச் இரண்டு மூன்று நாளில் அடைத்துக்கொள்ளும், கழற்றிக் கழுவ வேண்டும். தொட்டிக்குள் ஹீற்றர் இருந்தால் எடுத்துவிடுங்கள். கொழும்பில் அது தேவைப்படாது. தொட்டியோடு சேர்த்துத் தந்தார்கள் என்பதற்காக உள்ளே விட்டுவைத்தால் அனிமனி அதில் போய் ஒட்டி வெந்துபோகும்.

*ஒரு வாரம் தாண்டியும் நடக்கிறது.* காலூன்ற இடமில்லை என்பதுதான் முதல் சந்தேகம். இனத்துக்கு இனம் இது மாறும்:

- பபிள் டிப்: காலை ஒளித்துக்கொள்ள ஆழமான பொந்து வேண்டும். 8 முதல் 10 செ.மீ. ஆழமுள்ள கல்லிடுக்கில் காலை நுழைத்து, கைகளை மட்டும் வெளிச்சத்துக்கு நீட்டும். வழவழப்பான தட்டைக் கல்லில் வைத்தால் நிற்காது.
- ஹடோனி கார்பெட்: மணலில் வாழ்வது. 10 செ.மீ. ஆழத்துக்கு மணல் இருந்தால் கால் கீழே கண்ணாடியையோ கல்லையோ பிடித்துக்கொள்ளும். 3 செ.மீ. மணலில் தவிக்கும்.
- மக்னிஃபிகா: தொட்டியின் உச்சிக் கல்லைத் தேடும். கடும் வெளிச்சம், கடும் ஓட்டம் இரண்டும் வேண்டும். கிடைக்காவிட்டால் கண்ணாடியில் ஏறும். முருகை நிறைந்த தொட்டிக்கு இது பொருந்தாது என்று துணிந்து சொல்லலாம்.

*கால் பதிந்தும் உடல் உயர்ந்து, தண்டு நீண்டு நிற்கிறது.* வெளிச்சம் போதவில்லை. விளக்கின் பலத்தை வாரத்துக்கு 5 சதவீதம் வீதம் ஏற்றுங்கள். ஒரே நாளில் ஏற்றினால் அனிமனியும் முருகையும் சேர்ந்து வெளுக்கும்.

*கற்களின் நிழலுக்குள் போய் ஒளிகிறது.* வெளிச்சம் கூடுதல், அல்லது பம்பின் அடி நேராக விழுகிறது. பம்பைத் திருப்பிப் பாருங்கள். கைகள் மெல்ல ஆடவேண்டும், ஒரு பக்கமாக மடிந்து கிடக்கக் கூடாது.

*முருகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, உடனே அகற்ற வேண்டும்.* முருகையை அகற்றுங்கள், அனிமனியை விடுங்கள். முருகை கல்லோடு ஒட்டியிருந்து அகற்ற முடியாவிட்டால் மட்டுமே அனிமனியைத் தொடலாம். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பழைய ரீலோட் அட்டை ஒன்றைக் காலின் ஓரத்தில் மெதுவாக நுழைத்து, ஒவ்வொரு பக்கமாகக் கிளப்புங்கள். பத்துப் பதினைந்து நிமிடமாகும். கல்லில் ஒட்டியிருந்தால் கல்லோடு தூக்குங்கள். அதுவும் முடியாதபோது, சிறிய பம்பொன்றைக் காலை நோக்கி வைத்துவிட்டால் அதுவே எரிச்சல்பட்டு நகரும். இழுக்கவே கூடாது. உடலில் விழும் சிறு கிழிசல் ஆறும். காலில் விழும் கிழிசல் பெரும்பாலும் அழுகலில் முடியும்.

புதிதாகத் தொட்டி கட்டுபவர்களுக்கு இது மிக முக்கியம்: அனிமனிக்கென்று தனிக் கற்குவியல் ஒன்று கட்டி, சுற்றிலும் 15 செ.மீ. வெறும் மணல் விடுங்கள். வெறும் மணலைக் கடக்கப் பபிள் டிப் தயங்கும், ஆனால் தயங்குவது மட்டும்தான். தொட்டி ஆறு மாதம் ஓடி அளவுகள் நிலைத்த பிறகு அனிமனியை விடுங்கள். அது ஒரு மாதம் ஓரிடத்தில் நின்ற பிறகு, அந்தப் பக்கத்தில் முருகையை ஒட்டுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் அடுத்து வரும் அறிகுறிகளில் பாதி உண்டாகிறது.

அறிகுறி 2: அனிமனி காற்றுப்போன பலூன்போலச் சுருங்கிக் கிடக்கிறது

*சில மணி நேரம் சுருங்கி மறுபடி விரிகிறது.* கழிவை வெளியேற்றுகிறது. பழுப்பு நிற இழை வாயிலிருந்து வந்தால் அதுவே அடையாளம். தொடாதீர்கள், உணவும் கொடுக்காதீர்கள்.

*24 மணி நேரம் தாண்டியும் சுருக்கம். வாய் இறுக மூடியிருக்கிறது.* தண்ணீர்ப் பக்கம் பாருங்கள். அமோனியா பூச்சியமா? அல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை, டி.கே.எச். என்ற அலகில் அளப்பது) நேற்றைக்கும் இன்றைக்கும் 1 டி.கே.எச்.க்கு மேல் தாவியதா? அண்மையில் தண்ணீர் மாற்றினீர்களா, எந்தத் தண்ணீர்? குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஆர்.ஓ. வடிகட்டியின் காபன் உறை தீர்ந்துபோயிருந்தால் அது கடந்து வரும். கரைந்த உப்புகளை அளக்கும் ரீ.டீ.எஸ். மானி பூச்சியம் காட்டினாலும் குளோரினை அது சொல்லாது. அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். குளோரின் சோதனைத் தாள் மலிவு.

கடல்நீரைக் கொண்டுவந்து பாவிப்பவர்கள் இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கால்வாய்கள் கடலில் விழுகின்றன, வடக்கே களனி கங்கை விழுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பலமாக இருக்கும் நாட்களில் கரையோரத் தண்ணீரில் உப்பும் குறையும், நகரத்துக் கழிவும் கலந்திருக்கும். அந்தக் காலத்தில் கரையில் வாளி போடுவதை விட்டு, கடல்நீர்த் தொட்டிக்கென விற்கும் பொதி உப்பைக் கரைத்துப் பாவியுங்கள்.

*வாய் திறந்து உள்ளிருப்பது வெளியே பிதுங்குகிறது, நாளுக்கு நாள் சுருங்கி விரிகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் குறைவாக.* இது தொற்று. கடையிலிருந்து புதிதாக வந்த மக்னிஃபிகாவிலும் கார்பெட்டிலும் அடிக்கடி காணலாம். இதற்குச் சிப்ரோஃப்ளொக்சசின் கொடுப்பதுதான் வளர்ப்பவர்களிடையே நிலைத்த முறை: தனித் தொட்டி, 38 லீற்றருக்கு 250 மில்லிகிராம், நாள்தோறும் தண்ணீர் முழுவதையும் மாற்றி மறுபடி மருந்து, குறைந்தது ஏழு நாள். வெளிச்சத்தில் மருந்து சிதையும் என்பதால் விளக்கணைத்த பின் போட வேண்டும். மாற்றும் தண்ணீரின் சூடும் உப்பும் பழைய தண்ணீருக்கு ஒத்திருக்க வேண்டும். முருகையுள்ள பிரதான தொட்டிக்குள் ஒருபோதும் போடாதீர்கள். இது சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கரைக்காமல், மீன்கள் பார்க்கும் மிருக வைத்தியர் ஒருவரிடம் கேட்டே தொடங்குங்கள்.

*கைகள் கரைந்து சளியாகின்றன, அழுகல் நாற்றம்.* இறந்துவிட்டது. தாமதிக்காமல் எடுத்துவிட்டு அறிகுறி 6இல் உள்ள தண்ணீர் வேலைகளைச் செய்யுங்கள்.

அறிகுறி 3: அனிமனி வெள்ளையாகவோ பளிச்சென்ற மஞ்சளாகவோ இருக்கிறது

முழு வெள்ளை என்பது அழகல்ல, பட்டினி. உடலுக்குள் இருந்து உணவு செய்துகொடுக்கும் பாசி வெளியேறிவிட்டது. 1998இல் இலங்கையைச் சுற்றிய முருகைப் பார்கள் வெளுத்ததும் இதே காரணத்தால்தான். கடல் அளவுக்கு மீறிச் சூடானது. அப்பட்டமான எலுமிச்சை மஞ்சள் பெரும்பாலும் வெளுத்த அனிமனியில் ஏற்றிய சாயம். கடையில் கண்டால் வாங்காதீர்கள்.

வீட்டில் வெளுத்திருந்தால்: விளக்கைப் பாதியாகக் குறையுங்கள். இறாலை விரல்நகத்தின் பாதியளவு நறுக்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கைகளில் வையுங்கள். பெரிய துண்டு கொடுத்தால் அரைகுறையாய்த் துப்பித் தண்ணீரைக் கெடுக்கும். பிறகு விளக்கை வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றுங்கள். நிறம் திரும்ப மாதக்கணக்காகும்.

அறிகுறி 4: முருகையின் ஒரு பக்கம் மட்டும் கருகி வெள்ளை எலும்பு தெரிகிறது

*கருகிய பக்கம் அனிமனியை நோக்கி இருக்கிறது.* அனிமனியின் நச்சு பட்டது. அனிமனி முழுதாக விரிந்திருக்கும்போது கையின் நுனியிலிருந்து அளந்தால் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி வேண்டும். சுருங்கியிருக்கும்போது அளப்பதுதான் வழக்கமான தவறு. பபிள் டிப் 30 செ.மீ. அகலம் வரை வளரும், கார்பெட் அதையும் தாண்டும். இன்றைக்கு எட்டாதது ஆறு மாதத்தில் எட்டும்.

*அனிமனி தொலைவில் இருக்கிறது.* இரவில், விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய ரோச் லைட்டால் பாருங்கள். யூஃபில்லியா, கலக்ஸியா ஆகிய முருகை வகைகள் இரவில் மெல்லிய நீண்ட கைகளை நீட்டிப் பக்கத்து முருகையைச் சுடும். கலக்ஸியாவின் கை 20 செ.மீ. தாண்டியும் போகும். அனிமனி மீது வீண்பழி விழுவது இந்த இடத்தில்தான். ஓட்டத்தை அந்தத் திசையிலிருந்து திருப்புங்கள், போதாவிட்டால் இடம் மாற்றுங்கள்.

*இடம் மாற்றிய பின்னும் வெள்ளைக் கோடு முன்னேறுகிறது.* இறந்த சதையை 60 மி.லீ. சிரிஞ்சால் ஊதி அகற்றுங்கள். கிளை முருகையானால் உயிருள்ள பகுதிக்குள் 1 செ.மீ. உள்ளே தள்ளி வெட்டி, நல்ல துண்டை ஜெல் வகைச் சூப்பர் குளூவால் வேறு கல்லில் ஒட்டுங்கள். யூஃபில்லியாவில் பழுப்பு நிறக் கூழ் தெரிந்தால் தொட்டிக்குள் ஊதாதீர்கள், அது மற்றத் தலைகளுக்கும் பரவும். பம்பை நிறுத்தி, குழாயால் உறிஞ்சி எடுத்து, அந்தத் தலையை வெட்டி வெளியே போடுங்கள். மீதியை அயடின் கரைசலில், போத்தலில் எழுதியுள்ள அளவும் நேரமும் தவறாமல், முக்கி எடுங்கள்.

இழந்த முருகைக்குப் பதிலாக ஹிக்கடுவையிலிருந்தோ வேறு கரையிலிருந்தோ உயிருள்ள முருகையைப் பெயர்த்து வரக் கூடாது. சட்டப்படி அது குற்றம், அந்தப் பார்கள் ஏற்கனவே பட்டது போதும். இன்னொருவரின் தொட்டியில் வளர்ந்த துண்டை வாங்குங்கள்.

அறிகுறி 5: அனிமனி எதையும் தொடவில்லை, ஆனாலும் முருகைகள் எல்லாம் மூடிக்கிடக்கின்றன

*தொட்டியில் லெதர் கோரல் (தோல்போன்ற மென்முருகை) இருக்கிறதா?* சார்கோஃபைட்டன், சினுலாரியா போன்றவை தண்ணீரில் இரசாயனத்தைக் கசியவிட்டு மற்றவற்றை அடக்கும். அனிமனி அருகில் வந்தால் கசிவு கூடும். மருந்து காபன்தான் (தண்ணீரைச் சுத்திகரிக்கும் கரித்துண்டுகள்): 200 லீற்றருக்கு ஒரு கோப்பை, ஆர்.ஓ. தண்ணீரில் கறுப்புத் தூள் போகும்வரை கழுவி, பையில் கட்டி, தண்ணீர் ஊடுருவிப் போகும் இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதோடு 20 சதவீதத் தண்ணீர் மாற்றம். இரண்டு நாளில் திறந்துவிட்டால் காரணம் அதுதான்.

*திறக்கவில்லை.* அல்கலினிட்டி 8 முதல் 9 டி.கே.எச்., மற்றவை லீற்றருக்கு மில்லிகிராமில்: கல்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350, நைட்ரேட் 5 முதல் 15, பொஸ்பேட் 0.03 முதல் 0.1. அளவு தவறியிருந்தால் மெதுவாக, அல்கலினிட்டியை நாளுக்கு அரை டி.கே.எச். வீதம் திருத்துங்கள். நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் பூச்சியமாக இருப்பதும் பழுதுதான். சுத்தம் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

*யூஃபில்லியா மட்டும் மூடியிருக்கிறது, கோமாளி மீன் அதில் புரள்கிறது.* மீன் அதை அனிமனியாக எடுத்துக்கொண்டுவிட்டது. எல்லாக் கோமாளி மீனும் எல்லா அனிமனியையும் ஏற்காது. இலங்கைக் கடலிலும் மாலைத்தீவிலும் வாழும் கறுப்புத்துடுப்புக் கோமாளி கடலில் மக்னிஃபிகாவில்தான் குடியிருக்கும். கிளார்க் கோமாளி பல இனங்களை ஏற்கும். பெரிய பல தலை யூஃபில்லியா தாங்கிக்கொள்ளும். ஒற்றைத் தலையானால் மீன் எட்டாத வலைக்கூட்டுக்குள் இரண்டு வாரம் வையுங்கள்.

அறிகுறி 6: அனிமனி பம்பில் மாட்டிவிட்டது, தண்ணீர் பால்போல

இங்கே நேரம்தான் எல்லாம்.

1. அந்தப் பம்பை மட்டும் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். மற்றவை ஓடட்டும்.
2. இறுகியிருந்தால் பம்பையே வெளியே எடுத்து ஒரு வாளியில் வைத்துப் பிரியுங்கள். துண்டுகளை வலையால் அள்ளுங்கள்.
3. 30 முதல் 50 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள். இதற்காகவே உப்புக் கரைத்த தண்ணீர் எப்போதும் ஒரு பீப்பாயில் தயாராக இருக்க வேண்டும்.
4. புதிய காபன், வழக்கத்தைப்போல இருமடங்கு. ஸ்கிம்மரை (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) ஈரமாக நுரைக்கும்படி திறந்துவிடுங்கள். காற்றுக்கல் போடுங்கள்.
5. அமோனியாவை அன்று இரவும் மறுநாள் காலையும் பாருங்கள். தெரிந்தால் மறுபடி தண்ணீர் மாற்றம். மீன்கள் மேல்மட்டத்தில் மூச்சு வாங்கினால் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

பாதி உடலும் வாயும் கெடாமல் இருந்தால், தனித் தொட்டியில் சுத்தமான தண்ணீரும் மெல்லிய ஓட்டமும் கொடுத்துக் காத்திருக்கலாம். பபிள் டிப் மீண்டு வருவதுண்டு.

அறிகுறி 7: தண்ணீர் சூடேறுகிறது

*ஃபேன் மட்டுமே வைத்திருக்கிறீர்கள்.* தண்ணீர் மேற்பரப்பை நோக்கி ஃபேன் ஓடினால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில், மழைக்கு முந்திய புழுக்க நாட்களில், அந்தப் பலன் குறைந்துவிடும். தொட்டியின் மூடியைத் திறந்து வலை போடுங்கள், அலமாரிக் கதவைத் திறந்து விடுங்கள், விளக்கு நேரத்தை மாலைக்குத் தள்ளுங்கள். இரவில் ஏ.சி., பகலில் இல்லை என்றால் 24க்கும் 30க்கும் இடையில் தினமும் ஊஞ்சலாடும். நிலையான 28 அதைவிட நல்லது.

*அவசரத்துக்கு ஐஸ்.* மூடிய 1.5 லீற்றர் போத்தலை உறையவைத்து மிதக்கவிடலாம். ஒரு போத்தல் 200 லீற்றர் தண்ணீரைச் சுமார் முக்கால் பாகைதான் இறக்கும் என்பதை நினைவில் வைத்துக் கணக்கிடுங்கள்.

*சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) ஓடுகிறது, குளிரவில்லை.* வரிசையாகப் பாருங்கள். சில்லர் மூடிய அலமாரிக்குள் தன் சூட்டையே இழுக்கிறதா? பின்பக்கத் தகடுகளில் தூசியும் உப்பும் படிந்திருக்கின்றனவா? காலி வீதியோரக் கடற்காற்றில் மாதமொருமுறை மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். பம்பின் ஓட்டம் சில்லரின் உடலில் எழுதியுள்ள அளவுக்குள் இருக்கிறதா? இவை சரியென்றால் உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் அளந்து பாருங்கள். கொம்ப்ரசர் உறுமியும் இரண்டும் ஒரே சூடு என்றால் வாயு போய்விட்டது. இனி குளிரூட்டி திருத்துபவரின் வேலை, கழற்றாதீர்கள். கரண்ட் வந்தவுடன் சில்லர் சில நிமிடம் பேசாமல் இருப்பது பழுதல்ல. ஃபிரிட்ஜுக்குப் போடும் வோல்டேஜ் கார்டை இதற்கும் போடுங்கள்.

*கரண்டே இல்லை.* சூட்டைவிட மூச்சுதான் முதலில் தீரும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும். 24 வோல்ட் வேவ்மேக்கர் ஒன்றைப் பற்றரியில் இணைத்தால் பல மணி நேரம் தாங்கும். விளக்கு வேண்டாம்.

அறிகுறி 8: ட்ரிப் சுவிட்ச் விழுகிறது, அல்லது தண்ணீரில் கை வைத்தால் சுரீரென்கிறது

கையை எடுத்து, மெயினை அணைத்த பிறகே தொடுங்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதில் விழுகிறதோ அதுதான். பிளக்கின் முள்ளில் வெள்ளை உப்புப் படிந்திருந்தால் சுத்தம் செய்தாலும் நம்ப வேண்டாம், மாற்றுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் கீழேயே சொட்டும். வீட்டில் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லையென்றால், அல்லது எல்லாவற்றையும் கழற்றியும் விழுந்தால், மின் வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

அறிகுறி 9: கை சிவந்து வீங்குகிறது

அனிமனி இடம் மாற்றும்போது முழங்கைவரை கையுறை போடுங்கள். கார்பெட்டின் கைகள் தோலில் பசைபோல ஒட்டும். சோவாந்திட் முருகை (பொத்தான்போல் கூட்டமாக வளர்வது) ஒட்டிய கல்லை வெந்நீரில் போடுவதோ, உலரவைத்துச் சுரண்டுவதோ கூடாது. அதிலுள்ள நஞ்சு ஆவியாகவும் துகளாகவும் மூச்சில் போகும். அப்படி நடந்த பிறகு காய்ச்சல், இருமல், மார்பு இறுக்கம் வந்தாலோ, சுட்ட பின் முகமோ தொண்டையோ வீங்கினாலோ 1990ஐ அழைத்து வைத்தியசாலைக்குப் போங்கள். எந்த உயிரினத்தைத் தொட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் பெயரோடு சொல்லுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.